முதல் பேஸில் நிற்கும் மகனுக்குத் தொழில்முறை வாய்ப்பு உண்டா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது. கனடாவில் ஸ்கார்பரோவில் படிக்கிறான். கோடையில் ஒரு கிளப் அணிக்காகப் பேஸ்பால் ஆடுகிறான். உயரமானவன், எறிவதும் அடிப்பதும் இடது கை. சென்ற ஆண்டுவரை வெளிக்களத்தில் நின்றவனைப் பயிற்சியாளர் இந்த ஆண்டு முதல் பேஸுக்கு மாற்றிவிட்டார். 'ஓட முடியாத பிள்ளைகளை ஒளித்து வைக்கும் இடம் அது' என்று வேறொரு பிள்ளையின் தந்தை சொன்னது மனத்தை உறுத்துகிறது. அந்த இடத்தில் ஆடி ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரராக முடியுமா? எத்தனை ஆண்டுகள் ஆடலாம்? முதல் பேஸுக்கென்று தனிக் கையுறை கேட்கிறான், இப்போதே வாங்கலாமா?

பதில்: அந்தத் தந்தை சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் ஒருநாளும் முதல் பேஸில் நின்று பார்க்காததால் வந்தது.

முதலில் அந்த மீதிப் பாதியைப் பார்ப்போம். அடித்த பந்து தரையில் உருண்டால், அதை எடுத்த உள்களத்துக்காரர் முதல் பேஸுக்கு எறிகிறார். அடித்தவர் 90 அடி ஓடி அங்கே வந்து சேர்வதற்குள் பந்து வந்தாக வேண்டும். ஓடுபவருக்கு நாலேகால் நொடி போதும் என்பதால், எறிபவர் பெரும்பாலும் அவசரத்தில் எறிகிறார். அவசரத்தில் எறிந்த பந்து நெஞ்சுக்கு நேராக வருவதில்லை, காலுக்கு ஓரடி முன்னால் மண்ணில் குத்தி எழும்புகிறது. ஒரு காலைப் பேஸில் ஊன்றியபடி, மறுகாலை முழுதாக நீட்டி, அந்தப் பந்தைத் தரையோடு தரையாக அள்ளுபவர்தான் முதல் பேஸ்காரர். அவர் தவறவிட்டால் பிழை எறிந்தவர் பெயரில் எழுதப்படும். அள்ளிவிட்டால் வழக்கமான ஓர் அவுட் என்று மட்டும் பதிவாகும். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவரையாவது பிடித்த கேட்சுக்காகத் தட்டிக்கொடுப்பார்கள். மோசமான எறிகளை இவர் அள்ளிக் காப்பாற்றியதற்கு வழக்கமான ஸ்கோர் புத்தகத்தில் தனிக் கட்டமே கிடையாது.

உங்கள் மகன் இடது கையால் எறிபவன் என்பது இந்த இடத்தில் பெரிய அனுகூலம். அவனுடைய கையுறை வலது கையில் இருக்கும். அடிப்பவரைப் பார்த்து நிற்கும்போது இரண்டாவது பேஸ் வலப்பக்கம் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஊடுருவும் பந்துகளுக்கு அந்தக் கை எளிதில் எட்டும். பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிய வலக்கைக்காரர் உடம்பைத் திருப்ப வேண்டும், இடக்கைக்காரருக்கு அந்த வேலை இல்லை. பேஸை விட்டு நகர்ந்து நிற்கும் ஓட்டக்காரரைத் தொட்டு அவுட்டாக்குவதும் சற்று விரைவாக நடக்கும். புகழ்பெற்ற முதல் பேஸ்காரர்களான லூ கெரிக், கீத் ஹெர்னாண்டஸ், டான் மாட்டிங்லி மூவருமே இடது கையால் எறிந்தவர்கள்தான். இவர்களில் ஹெர்னாண்டஸ் களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை 11 முறை பெற்றார். அந்த இடத்தில் ஆடிய வேறு எவரும் அதை எட்டவில்லை.

இனி அந்தத் தந்தை சொன்னதில் இருக்கும் உண்மைக்கு வருவோம். கட்டுரையின் மற்றப் பகுதிகளை மறந்தாலும் இதை நீங்கள் மறக்கக் கூடாது: முதல் பேஸ்காரருக்குச் சம்பளம் தருவது கையுறை அல்ல, மட்டை. ஒரு ஆட்டக்காரரால் அணிக்குக் கூடுதலாக எத்தனை வெற்றிகள் கிடைக்கின்றன என்று கணக்கிடும் முறையில், அவர் நிற்கும் இடத்தின் கடினத்துக்கேற்பக் கூட்டலும் கழித்தலும் உண்டு. பரவலாகப் புழங்கும் ஃபேன்கிராஃப்ஸ் புள்ளிவிவரத் தளத்தின் கணக்கின்படி, முழுப் பருவம் ஆடும் ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) 7.5 ஓட்டங்கள் கூட்டப்படும். முதல் பேஸ்காரருக்கு 12.5 ஓட்டங்கள் கழிக்கப்படும். ஆக, இருவரும் ஒரே அளவுக்கு அடித்தாலும் முதல் பேஸ்காரர் ஏறத்தாழ 20 ஓட்டங்கள் பின்தங்கித்தான் பருவத்தைத் தொடங்குகிறார். அந்தப் பள்ளத்தை அவர் மட்டையால் நிரப்ப வேண்டும்.

காரணம் எளிது. வேறு இடங்களில் நின்ற நல்ல அடிகாரர்கள் முழங்காலோ தோளோ பழுதானபின் வந்து சேரும் இடம் இது. முதல் பேஸில் தொடங்குபவர்களைவிட அங்கே வந்து சேர்பவர்களே அதிகம். தொலைதூரத்து உதாரணம் வேண்டாம், உங்கள் நகரத்திலேயே இருக்கிறது. டொராண்டோவில் பிறந்து எட்டோபிகோக் பகுதியில் பள்ளி முடித்த ஜோயி வோட்டோவை 2002ஆம் ஆண்டு டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சின்சினாட்டி ரெட்ஸ் அணி 44ஆவது ஆளாக எடுத்தபோது அவர் கேட்சர், அதாவது அடிப்பவருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர். பெரிய லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் முதலாவதில் 2006இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் ஜஸ்டின் மார்னோவையும் 1999இல் மினசோட்டா அணி கேட்சராகத்தான் எடுத்தது. இன்று டொராண்டோ புளூ ஜேஸின் முதல் பேஸில் நிற்கும் விளாதிமிர் கெரேரோ ஜூனியர் 2019வரை மூன்றாவது பேஸில் நின்றவர். 2025 ஏப்ரலில் 14 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. மூவரையும் அணிகள் தேர்ந்தது மட்டைக்காகத்தான். நிற்கும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள்.

விதிவிலக்கும் உங்கள் பக்கத்து ஊரிலேயே உண்டு. மிசிசாகாவைச் சேர்ந்த ஜாஷ் நேய்லரை 2015இல் மயாமி அணி உயர்நிலைப் பள்ளியிலிருந்தே முதல் பேஸ்காரராக, அதுவும் முதல் சுற்றில் 12ஆவது ஆளாக எடுத்தது. அவரும் உங்கள் மகனைப் போலவே இடது கையால் எறிந்து இடது கையால் அடிப்பவர். ஆனால் பெரிய லீகுக்கு அவர் 2019இல் சான் டியேகோ அணியில் வந்தபோது, முதல் பேஸில் எட்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு எரிக் ஹாஸ்மர் நின்றுகொண்டிருந்தார். நேய்லருக்குக் கிடைத்த ஆட்டங்களில் பெரும்பாலானவை வெளிக்களத்தில்தான் கிடைத்தன. வெளிக்களத்தில் நிற்கத் தெரியாதவராக இருந்திருந்தால் அவர் பெரிய லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகிலேயே காத்திருந்திருப்பார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓட்ட வேகத்தில் லீகின் கடைசி வரிசையில் இருக்கும் இதே நேய்லர், பந்து வீசும் பிட்சரின் அசைவைப் படித்தே 2025 பருவத்தில் 30 பேஸ்களைத் திருடினார், அதாவது பந்து அடிபடக் காத்திராமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அடுத்த முறை அந்தத் தந்தையைச் சந்தித்தால் இதைச் சொல்லுங்கள்.

நேய்லரின் கதையில்தான் உங்களுக்கான நடைமுறை ஆலோசனை இருக்கிறது. வலது கையால் எறியும் பிள்ளைக்குக் கேட்சர், மூன்றாவது பேஸ் என்று பல கதவுகள் உண்டு. இடது கையால் எறிபவனுக்கு அந்த இடங்கள் மரபாகவே மூடியவை. பிட்சர், வெளிக்களம், முதல் பேஸ் என்ற மூன்று மட்டுமே அவனுக்கு மிஞ்சும். அவற்றில் ஒன்றை 16 வயதில் விட்டுவிடுவது விவேகமல்ல. பயிற்சியாளரிடம் சென்று, முதல் பேஸில் நிற்பதில் மறுப்பில்லை என்றும், வாரத்தில் ஓர் ஆட்டமாவது வெளிக்களத்தில் நிற்க வாய்ப்பு வேண்டும் என்றும் உங்கள் மகனே கேட்கட்டும். நீங்கள் போய்க் கேட்காதீர்கள். பிள்ளை தானே வந்து பேசுவதையும் பயிற்சியாளர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தொழில் வாழ்க்கையின் நீளத்துக்கு வோட்டோவையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 18 வயதில் தேர்வானவர், மைனர் லீகில் ஐந்து பருவங்களுக்கு மேல் கழித்து, 2007 செப்டம்பரில்தான் பெரிய லீகில் கால் வைத்தார். 2010இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார். 2012இல் 10 ஆண்டுகளுக்கு 22.5 கோடி டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம் செய்தார். 17 பருவங்களும் ஒரே அணியில் ஆடி 2,135 ஹிட்களும் 356 ஹோம் ரன்களும் எடுத்தார். ஹோம் ரன்களைவிட அவருடைய பொறுமையே பெரிது என்பது என் கருத்து: தன்னுடைய பந்து அல்லாததை அடிக்க மறுத்து, ஏறக்குறைய பத்துக்கு நான்கு முறை அவர் பேஸை அடைந்துவிடுவார். 2023 பருவத்துக்குப் பின் ரெட்ஸ் அணி அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு சொந்த ஊர் அணியான புளூ ஜேஸில் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டு முயன்றவர், டொராண்டோவில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே 2024 ஆகஸ்டில் விலகினார். உச்சத்தைத் தொட்ட ஒருவரின் கதையே இப்படி முடிகிறது.

இடையிலேயே முடிந்துபோன கதைகளும் உண்டு. மார்னோ 2010 ஜூலையில், டொராண்டோ மைதானத்தில் இரண்டாவது பேஸில் சறுக்கும்போது தலையில் அடிபட்டு, அந்தப் பருவத்தின் மீதியை முழுவதும் இழந்தார். 2014இல் கொலராடோ அணிக்காக நேஷனல் லீகின் அடி சராசரியில் முதலிடம் பிடித்தார் என்றாலும், பழைய ஹோம் ரன் பலம் திரும்பவில்லை. கனத்த உடம்புக்காரரான பிரின்ஸ் ஃபீல்டர் கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் 2016இல், 32 வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் பேஸில் ஓட்டம் குறைவு என்பதால் உடம்பு தேயாது என்று எண்ண வேண்டாம். இடுப்பும் தொடையும் முதுகும்தான் மட்டையின் வேகத்தைத் தருகின்றன, பெரும்பாலும் அவையே முதலில் தளர்கின்றன. மாட்டிங்லியின் பலத்தைத் தின்றதும் முதுகு வலிதான்.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய லீகில் 30 அணிகள், அணிக்கு 26 பேர், அதில் முதல் பேஸில் நிலையாக நிற்பவர் ஒருவர். அங்கே 2025இன் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 அமெரிக்க டாலர். அதற்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ நிலையில், 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 35,800 டாலர்; தொடக்க நிலையில் 19,800 டாலர். இந்தப் படிகளில் சில ஆண்டுகள் கழித்துவிட்டு, வேறு வேலை தேடுபவர்களே பெரும்பான்மை. ஆகவே படிப்பை விட்டுவிட்டு இதை நம்பலாமா என்பது உங்கள் உள்மனக் கேள்வியாக இருந்தால், கூடாது என்பதே என் பதில். கனடாப் பிள்ளைகளும் அமெரிக்க டிராஃப்டில்தான் எடுக்கப்படுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் ஒரு வாய்ப்பு, நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடிவிலோ 21 வயதிலோ இன்னொரு வாய்ப்பு. டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி 2009இல் எட்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் பேஸ்காரர் பால் கோல்ட்ஷ்மிட், 2022இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அடிக்கும் பலம் முழுதாக வளர இருபது வயது தாண்ட வேண்டும் என்பதால், இந்த இடத்துக்காரர்களுக்குக் கல்லூரிப் பாதை பொதுவாகப் பொருந்தும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. பதினைந்து அடி தொலைவில் நின்று, ஒரு டென்னிஸ் பந்தை மகனின் முன்காலுக்கு ஓரடி முன்னால் குத்தி எழும்புமாறு எறியுங்கள். நாளுக்கு முப்பது பந்துகள் போதும். பந்து வரும்போது கை பின்னுக்கு இழுபடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். எல்லோருக்கும் முதலில் இழுபடும். பயம் கையில்தான் தெரியும். கையை முன்னே தள்ளி, பந்து மேலெழும் கணத்திலேயே அள்ள வேண்டும். இடது காலின் முன்பகுதி பேஸின் விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும், நடுவில் ஏறி நிற்கக் கூடாது. ஓடி வருபவர் மிதித்தால் கணுக்கால் போய்விடும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிவதற்கு முன் வலது காலை நீட்டிவிடுவது இளம் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு. நீட்டிய கால் நீட்டியதுதான், அதன்பின் பக்கவாட்டில் நகர வழியில்லை.

கையுறையை வாங்கிக் கொடுங்கள். மற்றவர்களின் கையுறையைப் போல இதில் விரல்கள் தனித்தனியாக இராது. அகலமான ஒரே வாய், விளிம்பில் தடித்த தோல், மண்ணிலிருந்து பந்தை அள்ளுவதற்கென்றே செய்தது. பெரிய லீக் விதி அதன் நீளத்தை 13 அங்குலம்வரை அனுமதிக்கிறது, ஆனால் அதையே வாங்க வேண்டியதில்லை. 12 அங்குலத்துக்கு மேல் 12.5 வரை இருந்தால் அவனுடைய விரல்களால் மூட முடியும். புதிய தோல் விறைப்பாக இருக்கும். பழக்குவதற்குச் சில வாரங்களாகும் என்பதால் பருவம் தொடங்குவதற்கு முன்பே, குளிர்காலத்திலேயே வாங்கிவிடுங்கள். பழைய வெளிக்களக் கையுறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது பையிலேயே இருக்கட்டும். கடையில் கேட்கும்போது 'இடது கைக் கையுறை' என்று சொன்னால் இடது கையில் மாட்டும் வலக்கைக்காரரின் கையுறையை எடுத்துத் தந்துவிடக்கூடும்; 'இடது கையால் எறிபவருக்கு' என்று சொல்லுங்கள், சீட்டில் LHT என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.