வாய்ச்சொல்தானே என்கிறார்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பழைய இருசக்கர வாகனத்தை எங்கள் சபையில் இருக்கும் ஒரு தம்பிக்குக் கொடுப்பதாகச் சொல்லி விலையும் பேசி முடித்தேன். மாத முதல் வாரத்தில் பணத்தோடு வருவதாகச் சொன்னார். முன்பணம் எதுவும் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு, அதைவிடக் கணிசமாக அதிகம் தருகிறேன், இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எங்களுக்குப் பணத்தேவை இருக்கிறது. "எழுத்திலும் இல்லை, முன்பணமும் வாங்கவில்லை, வாய்ச்சொல்தானே" என்கிறார் என் மனைவி. மாற்றிக் கொடுத்தால் தவறா?

பதில்: தவறுதான் சகோதரரே, சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "விலையும் பேசி முடித்தேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வாகனம் இன்னும் உங்கள் வாசலில் நிற்கிறது, ஆனால் அது அந்தத் தம்பியுடையது என்று நீங்கள் சொல்லி ஆயிற்று.

கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டுத் தொடங்கும் 15-ம் சங்கீதம், அவனுடைய அடையாளங்களில் ஒன்றாக "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்கிறது. நான் ஆணையிடவில்லையே, சும்மா சொன்னேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இயேசுவின் காலத்திலும் இந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயத்தின்மேல் சத்தியம் செய்தால் ஒன்றுமில்லை, தேவாலயத்தின் பொன்மேல் செய்தால்தான் கட்டுப்படும் என்று போதித்தவர்களை மத்தேயு 23-ம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வதைப் பாருங்கள். எது என்னைக் கட்டும், எதிலிருந்து நான் நழுவலாம் என்று சொற்களுக்குத் தரம் பிரிக்கும் வேலை அது. எழுத்தில் இல்லை, முன்பணம் இல்லை என்பதும் அதே வேலைதான். அவர் அந்தத் தரங்களையெல்லாம் மலைப்பிரசங்கத்தில் ஒரே வரியில் கலைத்துவிட்டார்: "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்."

கிபியோனியர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள், பழைய செருப்பும் பூசணம் பிடித்த அப்பமுமாக, வெகுதூரத்திலிருந்து வருகிறோம் என்று பொய் சொல்லி இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்கிவிட்டார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. ஏமாற்றி வாங்கிய வாக்கு செல்லாது என்று யோசுவாவும் பிரபுக்களும் தாராளமாகச் சொல்லியிருக்கலாம், ஜனங்களும் முறுமுறுத்தார்கள், ஆனாலும் சொன்னதை அவர்கள் மாற்றவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு சவுல் ராஜா அந்த வாக்கை மீறிக் கிபியோனியரைக் கொன்றதால் தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. உங்கள் தம்பியோ உங்களை ஏமாற்றவே இல்லை.

அவர் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். வீட்டில் சொல்லியிருப்பார், வேறு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தால் அதை வேண்டாம் என்றிருப்பார், குறைகிற பணத்துக்கு யாரிடமாவது கேட்டிருப்பார், அடுத்த மாதத்திலிருந்து பேருந்துக்கு நிற்க வேண்டாம் என்று கணக்குப் போட்டிருப்பார். உங்கள் சொல்லை நம்பி அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழி உங்களுக்குத் தோன்றும். "தம்பி, ஒருவர் இவ்வளவு தருகிறேன் என்கிறார், என்ன செய்யட்டும்?" என்று அவரிடமே போய்க் கேட்காதீர்கள். சபையில் மூத்தவர் நீங்கள், அவர் "பரவாயில்லைண்ணா, கொடுத்துடுங்க" என்றுதான் சொல்வார், அது சம்மதம் ஆகாது. உங்கள் மனைவியைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, தேவை நெருக்கும்போது யாருக்கும் வருகிற யோசனைதான் அது. இரண்டாவதாக வந்தவரிடம் "பேசி முடித்துவிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சொன்ன வாரத்தில் தம்பி பணத்தோடு வரவில்லை என்றால் கூப்பிட்டுக் கேளுங்கள், அவரால் முடியவில்லை என்று அவராகவே விலகினால் அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கேள்வி: அலுவலகத்தில் என் மேலதிகாரி அறையிலேயே இருந்துகொண்டு, "நான் இல்லை என்று சொல்லிவிடு" என்கிறார். தினமும் நாலைந்து முறையாவது தொலைபேசியில் இப்படிப் பொய் சொல்கிறேன். ராகாப் பொய் சொல்லவில்லையா என்று கூட வேலை பார்க்கும் விசுவாசியான தோழி கேட்கிறாள்.

பதில்: இஸ்ரவேல் வேவுகாரரை வீட்டில் ஒளித்துவைத்து, போய்விட்டார்கள் என்று சொன்ன ராகாபும், எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் பார்வோனிடம் சாக்குச் சொன்ன மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வந்துவிடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யைப் பற்றிச் சபையில் நெடுங்காலமாகவே வாதம் உண்டு, எந்தப் பொய்யும் கூடாது என்றே நின்றவர் ஆதித் திருச்சபையின் போதகர் அகஸ்டின், அப்படியில்லை என்று சொன்ன பக்தியுள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சகோதரி, உங்கள் மேலதிகாரியின் அறையில் வேவுகாரர் யாரும் ஒளிந்திருக்கவில்லை. அவருக்கு ஒருவரோடு பேச இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

தானியேல் முதல் அதிகாரத்தைப் படித்துவிட்டு அவரிடம் போங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று தீர்மானித்தவன் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, அதிகாரியிடம் பணிவாக வேண்டிக்கொண்டான், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழியையும் தானே கையில் கொண்டுபோனான். நீங்களும் யாரும் இல்லாத நேரத்தில், "சார், இல்லை என்று சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை, 'இப்போது பேச இயலாது, நீங்கள் அழைத்ததைச் சொல்கிறேன்' என்று சொல்லட்டுமா? உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அழைப்பு நின்றால் போதும். முகம் சுளித்தாலும், தனக்காகப் பொய் சொல்லாத பெண் தன்னிடமும் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவருக்குப் புரிய வாய்ப்பு உண்டு. புரியாமலே போகலாம், அதற்கும் தயாராகத்தான் போக வேண்டும்.

கேள்வி: சபையில் ஒரு சகோதரரிடம் மூன்று மாதத்தில் தருவதாகச் சொல்லிக் கடன் வாங்கினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கேட்பதில்லை. அவர் முகத்தில் விழிக்க முடியாமல் ஆராதனைக்குப் பிந்திப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து வந்துவிடுகிறேன். வீட்டிலும் ஜெபிக்க முடியவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். எப்போது தர முடியும் என்று தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, வாய்க்கு வந்த "மூன்று மாதம்" என்பதைச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வாக்குத் தவறுதல் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த நிமிஷத்துச் சங்கடத்தைத் தாண்டுவதற்காக ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறோம், அந்தத் தேதி வந்து வாசலில் நிற்கும்போது ஒளிந்துகொள்கிறோம்.

நீதிமொழிகள் 6-ம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள், சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டுத் தன் வாய்ச்சொல்லாலேயே அகப்பட்டுக்கொண்டவனுக்கு எழுதப்பட்டவை. போ, உன்னைத் தாழ்த்தி அவனை வருந்திக் கேள், அதைச் செய்யும்வரை கண்ணுக்குத் தூக்கம் வரவிடாதே என்கின்றன. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்களே, பாதை அந்தச் சகோதரர் வீட்டு வழியாகப் போகிறது.

ஆகவே இன்று ராத்திரியே அவரைக் கூப்பிட்டு, நேரில் வரலாமா என்று கேளுங்கள். கதை சொல்ல வேண்டாம், ஒரு வருஷத்துக் கஷ்டங்களை வரிசையாக அடுக்க வேண்டாம். "மூன்று மாதம் என்றேன், தவறிவிட்டேன், வந்து சொல்லாமல் ஒளிந்ததற்கும் மன்னியுங்கள், முழுப்பணம் இப்போது என்னிடம் இல்லை, மாதாமாதம் இவ்வளவு தருகிறேன்." முதல் தவணையைக் கையோடு கொண்டுபோங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். வெட்கம் தாங்காமல் மறுபடியும் பெரிய தொகையைச் சொல்லி இரண்டாவது முறை தவறுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எவ்வளவு என்பதைப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசி, கண்டிப்பாக முடிகிற தொகையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்காமல் இருப்பதை விட்டுக்கொடுத்ததாக எண்ணாதீர்கள், கேட்கக் கூச்சப்பட்டு அவரும் நெருக்கடியில் இருக்கலாம். எலிசா தீர்க்கதரிசியின் நாட்களில் யோர்தான் ஆற்றங்கரையில் மரம் வெட்டியவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்தபோது, ஐயோ, அது இரவல் வாங்கியதாயிற்றே என்றுதான் கூவினான். அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது கோடரியின் சொந்தக்காரன். அந்த இரும்பை மிதக்கப்பண்ணின தேவன் உங்கள் சின்னத் தவணைகளையும் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

கேள்வி: வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாமல் போவதெல்லாம் பொய்யா?

பதில்: இல்லை. பவுலே கொரிந்துக்கு வருவதாக இருந்து திட்டத்தை மாற்றினார், இந்த மனுஷனிடம் ஆம் என்பதும் அல்ல என்பதும் ஒன்றுதானா என்ற பேச்சு எழுந்தது, 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் அவர் உட்கார்ந்து விளக்கம் எழுதுகிறார். ஏன் வரவில்லை என்பதை எழுதுகிறார், கவனியுங்கள். நாம் அதைத்தான் செய்வதில்லை. அந்த நாள் போன பிறகு "வர முடியலை" என்று ஒரு வரி அனுப்புகிறோம். முடியாது என்று தெரிந்த மணியிலேயே சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று யாக்கோபு தன் நிருபத்தில் சொல்லக் கற்றுக்கொடுத்தது நாளை நம் கையில் இல்லை என்ற தாழ்மையினால். போக மனமில்லாத இடத்துக்கு அதைச் சொல்லித் தப்பிப்பது ஆண்டவர் பெயரை வீணில் வழங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது.

கேள்வி: நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யலாமா?

பதில்: இதில் விசுவாசிகள் இரண்டு விதமாகவும் நின்றிருக்கிறார்கள். 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மறுத்தார்கள். ஆணையிட்டால்தான் நிஜம் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்பது அவர்கள் கேள்வி. 1662-ல் அவர்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது, சிறைக்கும் போனார்கள், கடைசியில் 1696-ல் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி சொல்ல அனுமதி கிடைத்தது. கடை வைத்திருந்தவர்கள் பேரம் பேசாமல் ஒரே விலை சொன்னதும் இதே காரணத்தால்தான், இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. மறுபக்கம், பிரதான ஆசாரியன் தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னார், பவுல் தேவனையே சாட்சியாக வைத்து எழுதினார். ஆகவே செய்தால் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். மனசாட்சி உறுத்தினால் உறுதிமொழி சொல்லலாம், பல நாடுகளின் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

கேள்வி: என் தோழி அறுவை சிகிச்சைக்குப் போகிறாள். "கண்டிப்பா ஜெபிக்கிறேன்" என்றேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒருநாள்கூட ஜெபிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. இதுவும் வாக்குத் தவறுதலா?

பதில்: ஆம். எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு சகோதரர் தன் தாயார் மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார், ஜெபிக்கிறேன் ஐயா என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன், வண்டியை எடுப்பதற்குள் மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் என்னைத் தேடி வந்து, அம்மா நன்றாக இருக்கிறார்கள், நீங்கள் ஜெபிக்கிறீர்கள் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்றார். சிரித்து, தலையாட்டி, நகர்ந்து போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது இரண்டாவது பொய். ஓரமாக அழைத்துப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது, நன்றாகப் பார்த்தேன், இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் என் தோளில் கை வைத்து, சரி ஐயா, இனிமேல் ஜெபியுங்கள் என்றார்.

அன்றிலிருந்து யாராவது கேட்டால் அங்கேயே, நின்றபடியே, இரண்டு வாக்கியமாவது ஜெபித்துவிடுகிறேன், செய்தியில் கேட்டால் ஜெபித்த பிறகுதான் பதில் எழுதுகிறேன். நீங்கள் தோழியை இன்று கூப்பிடுங்கள். சிகிச்சை முடிந்ததா, வலி எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள், மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். வைப்பதற்கு முன், "இப்ப ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள்.