மகள் ‘காலேஜ் வேண்டாம்’ என்கிறாளா?

“மார்க் எல்லாம் நன்றாகத்தான் வாங்குகிறாள். திடீரென்று காலேஜ் வேண்டாம் என்கிறாள். யார் மனசைக் கெடுத்தார்கள் என்றே தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கெடுத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத்தான் இது திடீர். 16, 17 வயதுப் பிள்ளைக்கு இந்த எண்ணம் வருடக்கணக்கில் ஊறி வந்திருக்கும்: வீட்டில் காதில் விழுந்த பேச்சு, வகுப்பில் கூட இருப்பவர்கள், தானாகவே போட்டுக்கொண்ட பணக் கணக்கு. இதில் எது அவளைப் பிடித்து இழுக்கிறது என்று தெரியாமல் அறிவுரை சொன்னால் எடுபடாது.

நண்பர்கள் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனையைச் சொல்கிறேன். லியோனார்டோ பர்ஸ்டின், ராபர்ட் ஜென்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் நடத்தியது, 2015-இல் வெளியானது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருவதாகச் சொல்லி மாணவர்களிடம் படிவம் கொடுத்தார்கள். நீங்கள் சேர்வது வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாது என்று சிலருடைய படிவத்தில் இருந்தது. தெரியும் என்று மற்றவர்களுடையதில். வேறு வித்தியாசமே கிடையாது. சாதாரண வகுப்புகளில், ‘தெரியும்’ என்ற படிவம் பெற்றவர்களில் சேர முன்வந்தவர்கள் 11 சதவீதப் புள்ளிகள் குறைவு. நன்றாகப் படிப்பவர்களுக்கான சிறப்பு வகுப்புகளில் அப்படிக் குறையவில்லை. ‘சேராதே’ என்று ஒருவரும் சொல்லவில்லை, கவனியுங்கள். பார்ப்பார்களே என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அதனால் தோழிகள் முன்னாலோ, சொந்தக்காரர்கள் முன்னாலோ அவள் சொன்னதைக் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரணை நடத்த வேண்டாம். ஏதாவது வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தால் இந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் வாய் திறப்பார்கள்.

அப்புறம் பணம். என் அனுபவத்தில் இதுதான் பெரிசு, இதைத்தான் பிள்ளைகள் வெளியே சொல்வதும் இல்லை. “படிப்புல இன்ட்ரஸ்ட் இல்ல சார்” என்று ஒரு பையன் என்னிடம் வந்தான். சரி, எவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறாய், எழுது என்றேன். உண்மைக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு எழுதினான். அதையும் சேரும் அன்றே மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தான். உதவித்தொகை அவன் கணக்கிலேயே இல்லை. அப்பாவிடம் கேட்டாயா என்றால், “கேட்டா கடன் வாங்குவாரு சார்.” ஆர்வம் இல்லாத பையன் பேசுகிற பேச்சா இது?

மிச்சிகன் பல்கலைக்கழகம் இதையே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு, இடம் கிடைத்தால் 4 வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது என்று உறுதி சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கடிதம் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே உதவி கிடைத்திருக்கும். ஆனாலும் கடிதம் வராத மாணவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம். ஆகவே வீட்டு நிலவரத்தை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: இவ்வளவு நம்மால் முடியும், இதற்கு மேல் உதவித்தொகை அல்லது கடன். “அதைப் பத்தி நீ கவலைப்படாதே” என்றால் அவள் இன்னும் அதிகமாகத்தான் கவலைப்படுவாள்.

“நான்தான் படிக்கவில்லை, நீயாவது படி” என்று அடிக்கடி சொல்கிற வீடா உங்களுடையது? நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் தேறாமல் போனால் அம்மா அப்பாவுக்கும் சேர்த்துத் தோற்றுவிடுவோம் என்று சில பிள்ளைகள் ஆரம்பிக்கவே பயப்படுகிறார்கள்.

அவள் உண்மையிலேயே யோசித்துத்தான் வேண்டாம் என்கிறாளோ என்னவோ. அடுத்த வருடம் இதே நேரம் என்ன செய்துகொண்டிருப்பாய் என்று கேட்டுப் பாருங்கள். இன்ன தொழிற்பயிற்சி, இத்தனை மாதம், பிறகு இன்ன வேலை என்று தெளிவாகப் பதில் வந்தால் மரியாதையாகக் கேளுங்கள். எல்லோருக்கும் பட்டம்தான் வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

பதில் வரவில்லையா? விண்ணப்பத்தை மட்டும் போட்டுவைப்போம், சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்வி உதவி பற்றிய தகவலை மட்டும் பெற்ற குடும்பங்களில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கூடவே இருந்து படிவத்தை நிரப்பிக்கொடுத்த குடும்பங்களில்தான் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது கூடியது. உதவித்தொகைப் படிவத்தையும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள். அதற்குக் கடைசித் தேதி பல இடங்களில் தனியாக, சில சமயம் முன்பே வந்துவிடும்.