யூதர்களின் தானதர்மம் எப்படி நடக்கிறது? தங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் உதவுவார்களா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் அம்மாவின் கணுக்கால்தான் பதில். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஹைலண்ட் பார்க் என்ற சிற்றூரில் சில வருடங்கள் குடியிருந்தேன். பக்கத்திலேயே எடிசன் என்ற ஊர், நம் ஊர் மளிகைக்குப் பஞ்சமில்லை என்றுதான் அங்கே வீடு பார்த்தோம். தெருவில் பாதிப்பேர் யூதர்கள் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா மாடிப்படியில் கால் பிசகி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று நான் அலைவதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர், "வாடகை எதற்கு? கெமாக்கில் கேளுங்கள்" என்று ஒரு ஃபோன் நம்பர் கொடுத்தார்.

ஏதோ டிரஸ்ட் அலுவலகம் என்று நினைத்துப் போனால், அது ஒரு வீட்டின் கராஜ். காருக்குப் பதில் சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், ஊன்றுகோல்கள். அந்த வீட்டு அம்மா ஒரு நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டார். முன்பணத்துக்கு ஒரு செக் வாங்கினார், அதை பேங்கில் போடமாட்டாராம், நாற்காலி திரும்பியதும் கிழித்துவிடுவாராம். நாங்கள் எந்த மதம் என்று கேட்கவில்லை. "வீட்டில் எத்தனை படி ஏறவேண்டும்?" என்றுதான் கேட்டார்.

கெமாக் என்பது 'கெமிலுத் ஹசாதிம்' என்பதன் சுருக்கம். கருணைச் செயல்கள் என்று பொருள். சக யூதனிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது அவர்கள் வேதமான தோராவின் சட்டம், அதனால் ஆரம்பத்தில் இது வட்டியில்லாக் கடன். நியூயார்க்கில் 1892-ல் தொடங்கிய ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி இன்றும் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. இப்போது கெமாக் என்றால் கல்யாண உடை, மடக்கு நாற்காலி, குழந்தைத் தொட்டில் என்று எதையும் இரவல் கொடுப்பது. ஜெருசலேமில் 1976-ல் மருத்துவச் சாதனங்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய யாத் சாரா இன்று இஸ்ரேல் முழுக்கக் கிளைகள் உள்ள அமைப்பு.

சரி, தானத்துக்கு வருவோம். அவர்கள் சொல் செதாக்கா. அதன் வேர் நீதி. இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, நடைமுறையையே மாற்றுகிறது. நீதி என்றால் கொடுப்பவன் பெரியமனுஷன் ஆகிவிட முடியாது, கடனை அடைக்கிறான், அவ்வளவுதான். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடவேண்டும் என்றது பழைய சட்டம். இப்போது வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுப்பது வழக்கம், ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுத்து நீயே கையேந்தாதே என்று மேல்வரம்பும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொரு விதி: தானம் வாங்கிப் பிழைப்பவனும் தானம் கொடுக்கவேண்டும். கொடுக்கும் மரியாதையை அவனிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

12-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக அடுக்கினார். அடிப்படியில் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பவன். மேலிருந்து இரண்டாம் படியில், கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. உச்சிப்படி அதுவும் இல்லை: கடன் கொடு, தொழிலில் கூட்டுச் சேர்த்துக்கொள், வேலை போட்டுக்கொடு, அவன் இன்னொருவரிடம் கேட்கும் நிலையே வரக்கூடாது.

பணம் வசூலிக்கும் விதிகள் தல்மூதில், அதாவது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பில், இருக்கின்றன. ஊர் நிதியை வசூலிக்க இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டும், பங்கிட மூன்று பேர் வேண்டும். பங்கிடுவது வழக்கில் தீர்ப்புச் சொல்வது மாதிரி, அதனால் மூவர். வசூலுக்குப் போனவர் வழியில் ஒரு காசைக் கண்டெடுத்தால், அது தன்னுடையதே ஆனாலும், சட்டைப் பைக்குள் போடாமல் தர்மப் பைக்குள் போட்டுவைத்து, வீட்டுக்குப் போன பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் சந்தேகப்படக் கூடாதே! நம் ஊர் கொடைவிழாக் கமிட்டிகளுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது சாவு வீட்டு வழக்கங்கள். எதிர்வீட்டுப் பெரியவர் சில ராத்திரிகளில் நேரம் கெட்ட நேரத்தில் வெளியே போவார். அவர் ஹெவ்ரா கடிஷாவில் இருப்பது, அவர் மனைவி சொல்லி வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி அடக்கத்துக்குத் தயார்செய்யும் தன்னார்வக் குழு அது. ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். நம்மிடம் சாவு வேலைகளைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு அவர்களையே தள்ளிவைத்தோம். அங்கே ஓய்வுபெற்ற கணக்காளர் முறைபோட்டுச் செய்கிறார், அதைக் கௌரவமாக நினைக்கிறார். 'உண்மையான கருணை' என்று இதற்குப் பெயர். செத்தவர் திருப்பிச் செய்ய முடியாதல்லவா?

அந்த வெள்ளைத் துணிக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இறுதிச்சடங்குச் செலவு தாங்காமல் உறவினர்கள் உடலைப் போட்டுவிட்டே ஓடியிருக்கிறார்கள். ரப்பான் கமாலியேல் என்ற தலைவர் தன்னைச் சாதாரண லினன் துணியில் அடக்கம் செய்யச் சொன்னார். அவருக்கே அது போதுமென்றால் மற்றவர்களுக்கென்ன என்று ஊரும் பின்பற்றியது. துக்க வீட்டுச் சாப்பாடும் அப்படித்தான். பணக்காரர் வீட்டுக்கு வெள்ளிக் கூடையிலும் தங்கக் கூடையிலும், ஏழை வீட்டுக்கு நாணல் மாதிரி மெல்லிய குச்சிகளில் முடைந்த கூடையிலும் கொண்டுபோனார்கள். ஏழைகள் கூசினார்கள் என்பதால், இனி எல்லார் வீட்டுக்கும் குச்சிக் கூடைதான் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஏழைக்கு வெள்ளிக்கூடை வாங்கிக் கொடுக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை, கவனியுங்கள். இப்போதும் ஏழு நாள் துக்கத்தின்போது (அதன் பெயர் ஷிவா, நம் சிவனுக்குச் சம்பந்தமில்லை, ஏழு என்று அர்த்தம்) அண்டை அயலார்தான் சமைத்துக் கொண்டுவருகிறார்கள்.

எல்லாம் இப்படியே நடக்கிறதா என்றால், இல்லை. நான் பார்த்த ஜெபஆலயச் சுவர்களில் நன்கொடையாளர் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. டியூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைக்கும் நமக்கு அதைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை, ஆனாலும் மைமோனிடிஸ் மேலிருந்து வைத்த இரண்டாம் படி நினைவுக்கு வரத்தான் செய்தது.

தங்கள் ஆட்களுக்கு மட்டுமா? உன் ஊர் ஏழைக்கு முதலிடம் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்துத் தாங்கவேண்டும், அதுதான் சமாதானத்தின் வழி என்றும் அதே தல்மூத் சொல்கிறது. இரண்டில் எது கடைப்பிடிக்கப்படுகிறது என்பது ஆளைப் பொறுத்தது, எந்த மதத்திலும்போல.

மூன்று வாரம் கழித்து நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா என் செக்கைத் தேடி எடுத்துக் கிழித்தார். ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டதும், அலமாரியில் இருந்த புஷ்கே என்ற தகர உண்டியலைக் காட்டினார். நான் பர்ஸைத் திறப்பதற்குள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.