‘தி க்ரூசிபிள்’ நாடகத்தில் சில பெண்களின் பொய்யை ஒரு ஊரே ஏன் நம்புகிறது?

ஆர்தர் மில்லரின் இந்த நாடகம் (1953), மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளைத் தழுவியது. ஊரார் சூனியம் செய்வதாக அந்தப் பெண்கள் சொல்லும் பொய்யைவிட, அதற்கு இடம் கொடுத்த விசாரணை முறையைக் கவனியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிர் தப்பலாம். ஆனால் கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்பார்கள். மறுத்தால் தூக்கு. ஆகவே ஒவ்வொரு வாக்குமூலமும் அடுத்த கைதுக்கு வழி செய்கிறது. “அவளுடைய ஆவி வந்து என்னை வதைத்தது” என்பதே சாட்சியம். இதை மறுக்க யாரைக் கூண்டில் ஏற்றுவது?

மூன்றாம் அங்கத்தை நிதானமாகப் படியுங்கள். குற்றம் சாட்டும் பெண்களின் தலைவி அபிகெயிலுடன் தனக்கு உறவு இருந்ததை, நாடகத்தின் நாயகனான விவசாயி ப்ராக்டர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறார்; அதற்குச் சாட்சியான தன் மனைவி எலிசபெத் பொய்யே சொல்லாதவள் என்றும் உறுதி கூறுகிறார். அவளோ கணவனின் மானம் காக்க, அந்த உறவை மறைக்கிறாள். அந்த ஒரு பொய் அவரையே பொய்யராக்கிவிடுகிறது. உடனே அபிகெயில் உத்தரத்தில் மஞ்சள் பறவையைப் பார்த்ததாக அலற, மற்றப் பெண்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியும் ப்ராக்டர் வீட்டு வேலைக்காரியுமான மேரி வாரன், உண்மை சொல்ல வந்தவள், பயம் தாங்காமல் ப்ராக்டர் மீதே பழிபோடுகிறாள். பீதி எப்படித் தொற்றுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக மேடையில் காட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கள்ள உறவு மில்லரின் கற்பனை. நிஜ அபிகெயிலுக்கு அப்போது 11 வயதோ 12 வயதோதான். ப்ராக்டருக்கு ஏறத்தாழ 60. வரலாற்று விடைத்தாளில் அதை எழுதிவிடாதீர்கள். ஆனால் 19 பேர் தூக்கிலிடப்பட்டது நிஜம்.