பெசந்திரன் மாணவர்கள் உண்மையிலேயே சொந்தக் காலில் நிற்கிறார்களா?

இந்தோனேசியாவின் இஸ்லாமிய உறைவிடப் பள்ளிகளான பெசந்திரன்களில் தொழில்முனைவு கற்றுக்கொடுக்கிறார்களே, அதனால் மாணவர்களுக்குச் சுயசார்பு வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிறது, ஆனால் கணக்கு நோட்டு மாணவன் கையில் இருந்தால்தான்.

கிழக்கு ஜாவாவில் ஒரு பெசந்திரனில் சில மாதங்கள் பாடம் நடத்தியிருக்கிறேன். இஷா தொழுகை முடிந்து, அப்புறம் ஓதலும் முடிந்து, பத்து மணிக்கு மேல் கூட்டுறவுக் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு, சாரமும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு பதினேழு வயதுப் பையன் தரையில் சம்மணம் போட்டுச் சில்லறை எண்ணுவான். ஒருநாள் கணக்கு 12,000 ரூபியா உதைத்தது. மூன்று தடவை எண்ணினான். நான் தருகிறேன் என்று பையில் கை விட்டேன். "வேண்டாம் உஸ்தாத், குறைஞ்சதைக் குறைஞ்சதுன்னே எழுதணும்" என்று எழுதி வைத்தான். அங்கே ஆசிரியரை உஸ்தாத் என்பார்கள். கடனுக்குப் போன சோப்பைக் குறிக்க விட்டுப்போனது மறுநாள்தான் தெரிந்தது. தொழில்முனைவு என்று ஒரு வகுப்பில்கூட அவன் உட்கார்ந்ததில்லை.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. பொனோரோகோவில் 1926-இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய கோன்டோர் பெசந்திரனின் ஐந்து அடிப்படைப் பண்புகளில் ஒன்று 'பெர்டிகாரி', அதாவது நாம் சொல்கிற அதே சொந்தக் காலில் நிற்பது. அங்கே கடை, கேன்டீன் எல்லாம் மூத்த மாணவர்கள் பொறுப்பு. மேற்கு ஜாவாவில் சிவிடெய் பக்கம் உள்ள அல்-இத்திஃபாக்கில் மாணவர்கள் காய்கறி பயிரிட்டு, தரம் பிரித்து, கட்டி, சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்புகிறார்கள். பசுருவானின் சிடோகிரியில் ஆசிரியர்கள் 1997-இல் வட்டியில்லாச் சிறுநிதி அமைப்பு ஒன்றைத் தொடங்கியதே, சுற்றுவட்டாரச் சந்தை வியாபாரிகள் கந்துவட்டியில் சிக்கித் தவித்ததைப் பார்த்துத்தான்.

2019-இல் வந்த பெசந்திரன் சட்டமும் கல்வி, மார்க்க அழைப்பு ஆகியவற்றோடு சமூக மேம்பாட்டையும் இவற்றின் பணியாகச் சேர்த்திருக்கிறது. சரிதான், படித்து முடிக்கிற எல்லோரும் கியாய், அதாவது பெசந்திரனை நடத்துகிற மார்க்க அறிஞர், ஆகிவிடப் போவதில்லை, பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பி ஏதோ ஒரு பிழைப்பைப் பார்க்க வேண்டியவர்கள்தானே.

எனக்கு மனம் பொறுக்காத இடம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்த இன்னொரு பள்ளியில் கித்மத், அதாவது ஆசிரியருக்குப் பணிவிடை, என்ற பெயரில் பிள்ளைகள் காலை முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்தார்கள், ஆனால் விளைந்தது எவ்வளவு, என்ன விலைக்குப் போனது, பணம் எங்கே போனது என்று ஒருவனுக்கும் தெரியாது. அப்படிப் பணிவிடை செய்வது அழகான மரபு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைத் தொழில்முனைவுக் கல்வி என்று சொல்லக் கூடாது, அது கூலியில்லாத வேலை.

ஆகவே ஒரு பெசந்திரனைப் பற்றி விசாரித்தால், என்னென்ன தொழில் நடக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். விலையை யார் முடிவு செய்கிறார்கள், போன மாதம் நஷ்டம் வந்ததா, வந்திருந்தால் மாணவர்கள் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். பதிலை உஸ்தாத் சொல்கிறாரா, கடையில் நிற்கிற பையனே சொல்கிறானா என்பதையும் பாருங்கள்.