வீட்டுச் சேமிப்பு சர்வரில் எந்தக் கார்டை எந்த ஸ்லாட்டில் செருக வேண்டும்?

நீங்கள் குறிப்பிட்டுள்ள பாகங்கள் இவை: பி550 சிப்செட் மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி ப்ராசசர், 16 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் எட்டு, அவற்றை இணைக்க எல்எஸ்ஐ 9211-8ஐ எச்பிஏ கார்டு, இன்டெல் எக்ஸ்520 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு, இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டிகள். எட்டு டிஸ்க்கையும் ஒரே இசட்எஃப்எஸ் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறைமை) தொகுப்பாக வைக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ராசசருக்கு அருகிலுள்ள முதல் பெரிய ஸ்லாட்டில் எச்பிஏ, சிப்செட்டோடு இணைந்த இரண்டாவது நீள ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டு, ப்ராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 இடத்தில் ஒரு எஸ்எஸ்டி, மற்றொன்று சிப்செட்டின் எம்.2 இடத்தில்.

காரணம் ப்ராசசரிலிருந்து புறப்படும் லேன்களின், அதாவது தரவு ஓடும் பாதைகளின், கணக்கில் இருக்கிறது. 5600ஜி-யில் பிசிஐஇ (கார்டுகளை இணைக்கும் தரம்) 3.0 லேன்கள் 24 உள்ளன. 16 முதல் ஸ்லாட்டுக்கும், 4 ஒரு எம்.2 இடத்துக்கும், மீதி 4 சிப்செட்டுக்கும் போகின்றன. போர்டில் அச்சிட்டிருக்கும் மற்ற ஸ்லாட்டுகள், சாட்டா போர்ட்டுகள், இரண்டாவது எம்.2, போர்டிலேயே உள்ள நெட்வொர்க் போர்ட், பெரும்பாலான யூஎஸ்பி ஆகிய அனைத்தும் அந்தக் கடைசி 4 லேன்களை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3.9 ஜிபி-யை, பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து அவ்வளவு பாதைகள் இருப்பதாக நினைப்பதுதான் பலரும் தடுமாறும் இடம். உங்கள் ப்ராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் முதல் ஸ்லாட் காலியாக இருக்கிறது. இந்தக் கட்டமைப்பின் மிகப் பெரிய வசதி அதுவே, அதை வீணாக்கக் கூடாது.

அந்த இடத்தை நெட்வொர்க் கார்டுக்குக் கொடுக்காமல் எச்பிஏ-வுக்கு ஏன் கொடுக்கச் சொல்கிறேன் என்றால், சர்வரின் மிகக் கடினமான நேரம் நீங்கள் ஒரு படத்தை நகலெடுக்கும் நேரம் அன்று. மாதந்தோறும் ஓடும் ஸ்க்ரப்பும் (எல்லாத் தரவையும் படித்துப் பிழை தேடும் சோதனை), ஒரு டிஸ்க் போன பிறகு நடக்கும் மறுகட்டமைப்பும்தான். அப்போது எல்லா டிஸ்க்குகளும் ஒரே சமயத்தில் படிக்கப்படுகின்றன. ஒன்றுக்கு நொடிக்கு 250 எம்பி என்றாலும் எட்டுக்கும் 2 ஜிபி ஆகிறது. நெட்வொர்க் கார்டின் ஒரு போர்ட்டோ எவ்வளவு முயன்றாலும் 1.25 ஜிபி-யைத் தாண்டாது. எக்ஸ்520 பிசிஐஇ 2.0 கார்டு, 4 லேன்கள் மட்டும் கிடைத்தாலும் லேனுக்கு 500 எம்பி வீதம் 2 ஜிபி கிடைப்பதால் ஒரு போர்ட்டுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு போர்ட்டையும் முழுவீச்சில் ஓட்ட நினைத்தால் மட்டுமே போதாது.

9211-8ஐ கார்டும் பிசிஐஇ 2.0 தலைமுறையைச் சேர்ந்தது, 8 லேன் கொண்டது. வேகமான ஸ்லாட்டில் செருகினாலும் கார்டு தன் தலைமுறை வேகத்தில்தான் பேசும். ஸ்லாட்டின் மிச்ச வேகம் கூடுதல் லேன்களாக மாறாது. ஆகவே இதற்கு 8 லேன்களும் முழுதாகக் கிடைப்பது முக்கியம். ஆயினும் பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 4 லேன் ஸ்லாட்டில் வைத்தால் நடைமுறையில் சுமார் 1.6 ஜிபி, அதாவது டிஸ்க்குக்கு 200 எம்பி கிடைக்கும். தட்டின் வெளிவிளிம்பைப் படிக்கும்போது மட்டும் தடை தெரியும், உள்வட்டத்துக்குப் போகப் போக டிஸ்க்கே மெதுவாகிவிடுவதால் தெரியாது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: சில போர்டுகளில் கடைசி நீள ஸ்லாட் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே ஒரே ஒரு லேன்தான் கம்பியிடப்பட்டிருக்கும். அதில் இந்தக் கார்டைச் செருகினால் டிஸ்க்குக்கு அதிகபட்சம் 60 எம்பி-கூடக் கிடைக்காது. நிரம்பிய 16 டிபி டிஸ்க்கை நொடிக்கு 50 எம்பி வீதம் மறுகட்டமைக்க மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே போய்விட்ட நிலையில் மற்ற ஏழையும் அத்தனை நேரம் இடைவிடாமல் உழைக்க வைப்பதை எந்தச் சேமிப்பு சர்வருக்கும் நான் ஏற்க மாட்டேன்.

வாங்கும் முன்னர் போர்டின் கையேட்டில் ஸ்லாட்டுகளின் அட்டவணையை வரிவரியாகப் படியுங்கள். இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி வைத்தால் 5, 6-ஆம் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் என்றோ, நீள ஸ்லாட் வேலை செய்யாது என்றோ அதில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கக்கூடும். பின்னது உங்கள் போர்டுக்குப் பொருந்துமானால் மேலே நான் சொன்ன ஏற்பாடு நடக்காது. அப்போது பயாஸில் முதல் ஸ்லாட்டை 8+4+4 எனப் பிரிக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து, அதற்கேற்ற ரைசர் (ஒரு ஸ்லாட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் அட்டை) வாங்கலாம். இரண்டு எஸ்எஸ்டிகளையும் மிரராக (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி) வைப்பதாக இருந்தால், எழுதும் வேகம் சிப்செட் பக்கம் இருப்பதையே பொறுத்தது. விலை குறைந்த ஒரு லேன் சாட்டா கார்டுகளை, அதிலும் போர்ட் மல்டிப்ளையர் (ஒரு போர்ட்டைப் பல டிஸ்க்குகளுக்குப் பகிரும் சிப்) வைத்தவற்றை, இசட்எஃப்எஸ்ஸுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, லினக்ஸில் இணைந்துள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டி, எச்பிஏ-வுக்குரிய பகுதியில் இரண்டு வரிகளை ஒப்பிடுங்கள். ஒன்று கார்டின் திறன், மற்றொன்று இப்போதைய நிலை. திறனில் 8 லேன் என்றும் நிலையில் 4 லேன் என்றும் காட்டினால், முதல் ஸ்லாட்டிலேயே இருந்தாலும் கார்டு சரியாக உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் கார்டுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன்: பின்பக்கத் தகட்டின் திருகை இறுக்கும்போது கார்டின் மறுமுனை ஒரு மயிரிழை மேலே எழும்பி நிற்கும், அல்லது பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நேராக அழுத்தி உட்கார வைத்தபின் மீண்டும் பாருங்கள்.

இந்த எச்பிஏ கார்டு சர்வர் பெட்டிக்குள் பலமாக வீசும் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டது. அமைதியான வீட்டுக் கேபினெட்டில் அதன் ஹீட்சிங்க் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். அதன் மேல் 40 மிமீ விசிறி ஒன்றைப் பொருத்தி, அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள்.