தகப்பன் குடிக்கும் கதையை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படிக்கலாமா?

கேள்வி: பினாங்கில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்குத் தமிழ்மொழி கற்பிக்கிறேன். வகுப்பு வாசிப்புக்குக் கதைநூல்கள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறது. தகப்பனின் குடிப்பழக்கத்தால் அல்லல்படும் சிறுவனைப் பற்றிய நாவல் ஒன்றையும் பட்டியலில் சேர்த்தேன். “பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? நீதிக்கதைகளே போதும்” என்று தந்தை ஒருவர் கூட்டத்தில் எதிர்த்தார், தலைமையாசிரியரும் தயங்குகிறார். மாணவர்களோ தமிழ்க்கதை என்றாலே “அறிவுரைதானே டீச்சர்” என்கிறார்கள். எதை வைத்து நூல்களைத் தேர்ந்தெடுப்பது?
ஓர் ஆசிரியை, ஜார்ஜ்டவுன்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தத் தந்தையின் எதிர்ப்பைவிட உங்கள் மாணவர்கள் சொன்ன சொல்தான் எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. அவர்கள் தமிழ்ப்பள்ளியில் இருக்கப்போவது இன்னும் ஓரிரு ஆண்டுகளே. பிறகு இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கோ, அதற்கு முந்தைய புகுமுக வகுப்புக்கோ போய்விட்டால், தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிடும். அந்தப் பாடவேளைகளும் பெரும்பாலும் இலக்கணத்துக்கும் கட்டுரைக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் போய்விடும். யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு தமிழ்க்கதையை எடுத்து விரிக்கும் பழக்கம் 12 வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வரவில்லையென்றால், அதன்பின் வருவது மிக அரிது. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் நூல்கள் முதலில் அந்தப் பழக்கத்துக்கு உதவ வேண்டும். மற்றவை அதற்குப் பிறகுதான்.

நீதிக்கதைகள் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் கதையென்றால் முடிவில் ஒரு நீதி வந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் மரபிலிருந்து வந்ததாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிமார் திண்ணையில் சொன்ன கதைகளில் பல, தந்திரக்காரன் ஊரையே ஏய்த்துவிட்டுத் தப்பியோடும் கதைகள், அவற்றைக் கேட்ட பிள்ளைகள் சிரித்தார்கள், பயந்தார்கள், “அப்புறம்?” என்று கேட்டார்கள். ஒரு நூலை வகுப்புக்கு எடுக்கலாமா என்று பார்க்க நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: படித்து முடித்ததும் “அவன் செய்தது சரியா?” என்று கேட்டால், உங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக, இரண்டு பேருமே நியாயத்தோடு பதில் சொல்ல முடியுமா? பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு பணப்பையைக் கண்டெடுக்கும் சிறுமியின் கதையை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் பக்கத்திலேயே அவள் அதைத் திருப்பிக் கொடுத்து, உரியவரிடம் 50 ரிங்கிட் பரிசும் பெற்றுவிட்டால், வகுப்பு பேச எதுவும் மிஞ்சவில்லை. வீட்டு வாடகைக்கு அம்மா கடன் கேட்டு அலைவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பையை அவள் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்து, பிறகு அதிலிருந்து 20 ரிங்கிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால், மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். நேர்மை என்பதைப் பற்றி அந்த வாதத்தில் அவர்கள் யோசிக்கும் அளவுக்கு எந்த அறிவுரையும் அவர்களை யோசிக்க வைக்காது.

அடுத்தது மொழி. பின் அட்டையில் அச்சிட்டிருக்கும் வயதை நம்பி வாங்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம் என இரண்டு பக்கங்களை நீங்களே உரக்கப் படியுங்கள், பிறகு வகுப்பில் நடுத்தரமாக வாசிக்கும் ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புணர்ந்து நீண்டு நிற்கும் சொற்களும், நான்கு வினையெச்சங்களைக் கடந்து முற்றுக்கு வரும் வாக்கியங்களும், வட்டார வழக்கில் அமைந்த உரையாடல்களும்தான் தமிழ் வாசிப்பில் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களில் கண்மாயும் காலாண்டுத் தேர்வும் ரேஷன் கடையும் வரும். அவற்றில் சில இருந்தால் பிள்ளைகள் ஊகித்துக்கொள்வார்கள், வரிக்கு வரி வந்தால் நூலை மூடிவிடுவார்கள். வட்டார உரையாடல் நிறைந்த நல்ல நாவலைத் தள்ளிவிடாமல், அதை நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கடினமாகத் தெரியும் பேச்சு காதுக்கு எளிதாகிவிடும்.

ஐந்து தலைப்புகளை வாங்கினால் அவற்றில் குறைந்தது இரண்டு இந்நாட்டில் எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பேன். காலையில் பசியாறிவிட்டு அடுக்குமாடியின் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளையை, மலாய்க்கார, சீன நண்பர்களோடு விளையாடும் ஒரு பிள்ளையை, செம்பனைத் தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் ஒரு பிள்ளையைத் தமிழ் அச்சில் ஒரு முறையும் சந்திக்காமலே நம் மாணவர்களில் பலர் ஆறாம் ஆண்டை முடிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கே. பாலமுருகன் போன்ற இந்நாட்டு எழுத்தாளர்கள் சிறுவர்களுக்கென்று மர்மக் கதைகளை எழுதியிருக்கிறார்கள். மர்மக் கதையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். “தமிழில் என்னால் ஒரு முழுப் புத்தகம் படிக்க முடியும்” என்ற நம்பிக்கையைத் தயங்கும் வாசகனுக்கு முதலில் தருவது அதுதான்.

பழைய சிறுவர் கதைகளின் மறுபதிப்புகளை வாங்குவதற்கு முன், கதையில் யார் கேலிக்கு ஆளாகிறார் என்று பாருங்கள். கறுத்த நிறம் தீயவனின் அடையாளமாகவும், கால் ஊனம் சிரிப்புக்கான பொருளாகவும், காட்டில் வாழ்பவர்கள் மனிதரைப் பிடித்துத் தின்பவர்களாகவும் வரும் கதைகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் நிறத்துக்காகக் கேலி செய்யப்படும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். அந்தக் கேலிக்கு உங்கள் கையாலேயே ஒரு நூலைக் கொடுத்துவிடக் கூடாது.

இப்போது குடிக்கும் தகப்பனைப் பற்றிய நாவலுக்கு வருகிறேன். இத்தகைய துயரம் சிறுவர் நூலுக்குப் பொருந்தாது என்று தலைமையாசிரியர் கருதினால், இந்தியாவின் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்காக 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020இல் தமிழில் பெற்ற நூலை அவருக்குச் சுட்டிக்காட்டுங்கள். யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற அந்த நாவல், பெரியவர் ஒருவரின் தவறான தொடுதலுக்கு ஆளாகும் சிறுமியைப் பற்றியது, சிறுவர்களுக்காகவே எழுதப்பட்டது. எனவே பொருளை வைத்துத் தீர்ப்பளிக்காமல், எழுதிய விதத்தைப் பாருங்கள். துன்பத்தை வேடிக்கைப் பொருளாக்கி, அழ வைப்பதற்காகவே நீட்டியிருக்கிறதா? தகப்பனை வெறும் அரக்கனாக்கி, அவனை நேசிக்கும் மகனின் குழப்பத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறதா? அந்தச் சிறுவன் மனம் விட்டுப் பேச ஒரு பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டு அக்காவோ கதையில் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் 11 வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு அதை நான் எடுக்கமாட்டேன். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு விட்டுவிடுவேன்.

எடுத்தால், “உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருக்கிறார்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கதையில் வரும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது தன்னைப் பற்றிப் பேசாமலேயே பேச முடிகிறது என்பதுதான் கதை தரும் பாதுகாப்பு. அதைக் கேள்வியால் உடைத்துவிடக் கூடாது. யாரேனும் தனியாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளப் பள்ளி ஆலோசக ஆசிரியரை முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள். உதவி தேவைப்படும் பிள்ளைகள் அழைக்கக்கூடிய ‘தாலியான் காசே’ தொலைபேசிச் சேவையின் 15999 என்ற எண்ணை வகுப்பறைச் சுவரில் ஆண்டு முழுவதும் ஒட்டி வையுங்கள், அந்த நாவலைப் படிக்கும் வாரத்தில் மட்டும் ஒட்டாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே நூலில் 30 படிகள் வாங்க வேண்டாம். ஐந்து தலைப்புகளில் ஆறு ஆறு படிகள் வாங்கி, பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்துக் குழுவாகப் படிக்கட்டும். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு படி மட்டும் வாங்கி, கடைசிப் பக்கம் வரை நீங்கள் படித்துவிட வேண்டும். மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ‘ஸ்டோரிவீவர்’ இணையதளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளில் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால் அச்சிட்டுக் கொடுப்பதில் தடையில்லை. விலைக்கு வரும் நாவலை முழுதாக நகலெடுத்துக் கொடுப்பது வேறு. சில நூறு படிகள் விற்றாலே மகிழும் நம் எழுத்தாளர்களுக்கு அது நேரடி இழப்பு. படித்த ஒவ்வொரு நூலுக்கும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். நிலாம் என்னும் பள்ளி வாசிப்புத் திட்டத்துக்கான பதிவு ஒரு பக்கம் நடக்கட்டும். ஐந்தில் இரண்டு நூல்களையாவது எந்த எழுத்துவேலையும் இல்லாமல் படிக்க விடுங்கள்.

எதிர்த்த தந்தையிடம் கூட்டத்தில் வாதாட வேண்டாம். தனியாக அழைத்து, நாவலின் ஒரு படியைக் கொடுத்து, முழுவதும் படித்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லும்படி கேளுங்கள். படித்த பிறகும் அவர் மறுத்தால் மறுப்பை மதியுங்கள்; ஐந்து தலைப்புகள் இருப்பதால் அவருடைய பிள்ளை வேறொரு குழுவில் சேர்ந்து, யாருடைய கண்ணிலும் படாமல் வேறொரு நூலைப் படிக்க முடியும். தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை உண்டு, வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தீர்மானிக்க உரிமையில்லை என்பதைத் தலைமையாசிரியர் முன்னிலையிலேயே, மரியாதை குறையாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.